இந்தியப் பெண்கள் கால்பந்து: "வரலாற்றில் முதல் முறை" என்று சொல்வது சரியா?

வாசகர் கேள்வி, 6 ஜூலை 2025, காலை 7.40

நேத்து தாய்லாந்தை ஜெயிச்சதிலிருந்து பார்க்கிற இடத்திலெல்லாம் "இந்தியப் பெண்கள் வரலாற்றில் முதல் முறையாக ஆசியக் கோப்பைக்குத் தகுதி"ன்னு போடுறாங்க. எங்க மாமா அடிச்சுச் சொல்றாரு, எண்பதுகளிலேயே நம்ம பொண்ணுங்க ஆசிய ஃபைனல் ஆடியிருக்காங்கன்னு. வீட்டுல பெரிய சண்டை. எது உண்மை? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

6 ஜூலை, காலை 9.10

மாமா சொல்வது உண்மை. 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் பெண்கள் போட்டியில் இந்தியாவுக்கு இரண்டாம் இடம். 1981இல் ஹாங்காங்கில் மூன்றாம் இடம். 1983இல் பாங்காக்கில் மறுபடி ஃபைனல், தாய்லாந்திடம் தோல்வி.

செய்தியில் ஒரு வார்த்தை விடுபட்டுவிட்டது. தகுதிச் சுற்றில் ஆடி, ஜெயித்து, ஆசியக் கோப்பைக்குள் போவதுதான் முதல் முறை. அந்தக் காலத்தில் தகுதிச் சுற்றே கிடையாது. 2022இல் போட்டியை நாமே நடத்தியதால் இடம் தானாகக் கிடைத்தது. நேற்று கிடைத்தது ஆடிச் சம்பாதித்த இடம். மாமாவும் ஜெயித்தார், நீங்களும் ஜெயித்தீர்கள். சண்டையை விடுங்கள்.

6 ஜூலை, இரவு 10.30

காலையில் ஆபீஸ் போகிற அவசரத்தில் விவரத்தை மட்டும் எழுதிவிட்டுப் போனேன். மேட்ச்சைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்று நாள் முழுக்க உறுத்தல்.

தகுதிச் சுற்று நடந்த தாய்லாந்தின் சியாங் மாய் நிலவரம் தெரியாதவர்களுக்கு: கடைசி மேட்ச்சுக்கு முன் இந்தியாவும் தாய்லாந்தும் ஆளுக்கு மூன்று வெற்றி, ஆளுக்கு 22 கோல், இரண்டு பேருமே ஒரு கோல்கூட வாங்கவில்லை. நாம் மங்கோலியாவை 13-0, திமோர் லெஸ்டேயை 4-0, இராக்கை 5-0 என்று ஜெயித்திருந்தோம். ஜெயிப்பவர் ஆசியக் கோப்பைக்கு ஆஸ்திரேலியா போகலாம், மற்றவர் வீட்டுக்கு. தாய்லாந்து 2015, 2019 என்று இரண்டு உலகக் கோப்பை ஆடிய அணி, ஆடியது அவர்கள் மண்ணில். தரவரிசையில் அவர்கள் 46, நாம் 70.

நானும் என் அண்ணன் மகளும் மொட்டை மாடியில் ஒரு போனை வைத்துக்கொண்டு பார்த்தோம். 29ஆவது நிமிடம் சங்கீதா பாஸ்ஃபோர் தூரத்திலிருந்து அடித்தது உள்ளே போனது. இடைவேளை முடிந்து இரண்டு நிமிடத்தில் தாய்லாந்து திருப்பிப் போட்டது. அப்புறம் நான் உட்காரவில்லை. 74இல் மறுபடி சங்கீதா. அதற்குப் பிறகான பதினாறு நிமிடமும் கூடுதல் நேரமும் எப்படிப் போனது என்று எனக்கு நினைவில்லை. அண்ணன் மகள் என் கையைப் பிடித்த இடத்தில் நகம் பதிந்திருக்கிறது, இன்னும் தெரிகிறது.

1983இல் ஃபைனலில் தோற்றதும் தாய்லாந்திடம், அவர்கள் ஊரில். 42 வருடம். இதை எந்தச் செய்தியும் எழுதவில்லை.

7 ஜூலை, காலை 6.50

ஒரு திருத்தம். ஒரு நண்பர் சுட்டிக்காட்டினார், நன்றி. 1980 கோழிக்கோட்டில் இந்தியா ஒரே அணியாக ஆடவில்லை. இந்தியா எஸ், இந்தியா என் என்று இரண்டு அணிகள் இறங்கின. ஃபைனல் வரை போனது எஸ். தைவானிடம் 0-2.

இன்னொன்று. அந்தப் போட்டிகளை நடத்தியது இப்போதைய ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு இல்லை. ஆசியப் பெண்கள் கால்பந்துக்கென்று தனியாக ஓர் அமைப்பு இருந்தது. 1986இல்தான் அது ஆசியக் கூட்டமைப்போடு சேர்ந்தது. இங்கேயும் அப்படித்தான்: 1975இல் தொடங்கிய பெண்கள் கால்பந்துச் சம்மேளனம் தனியாக இயங்கி, தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் அகில இந்தியச் சம்மேளனத்தின் கீழ் வந்தது.

அதாவது, கோழிக்கோட்டில் ஆடிய அந்தப் பெண்கள் ஆண்கள் நடத்திய சங்கத்தின் தயவு இல்லாமல் ஆடியவர்கள். அதனால்தானோ என்னவோ, அவர்கள் கணக்கு யாருடைய அலமாரியிலும் ஒழுங்காக இல்லை. அந்தத் தலைமுறையின் சாந்தி மல்லிக்குக்கு 1983இல் அர்ஜுனா விருது கொடுத்தார்கள். கால்பந்துக்காக அந்த விருதை வாங்கிய முதல் பெண் அவர். விருது கொடுக்கத் தெரிந்த நாட்டுக்கு அவர் ஆடிய ஃபைனலை ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரியவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

8 ஜூலை, இரவு 11.15

"எண்பதுகளின் பெருமை இருக்கட்டும், சீனாவிடம் 16 கோல் வாங்கியதும் இதே அணிதானே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆமாம். 1998 டிசம்பர், பாங்காக் ஆசிய விளையாட்டு, 0-16. இந்தியப் பெண்கள் அணியின் மிகப் பெரிய தோல்வி இன்றைக்கும் அதுதான். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அதைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த டிசம்பரில் எனக்கு 17 வயது. பெரம்பூரில் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் ஒரு கிரவுண்டு. பையன்கள் ஆடி முடித்து மிச்சமிருக்கிற முக்கால் மணி நேரம்தான் எங்களுக்கு. ஒன்பது பேர் வருவோம், சில நாள் ஏழு பேர். நான் கீப்பர். கீப்பர் ஆனதற்குக் காரணம், மற்றவர்கள் யாரும் கீழே விழத் தயாராக இல்லை. அண்ணனின் பழைய ஸ்டட்ஸ் (கால்பந்து ஷூ), இரண்டு சைஸ் பெரியது. முன்பக்கம் பழைய வேட்டித் துணியைச் சுருட்டி அடைத்துக்கொள்வேன். மழை பெய்தால் துணி ஊறி, ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் சத்தம் வரும். கிளவுஸ் கிடையாது. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நிற்பேன்.

அந்த 16-0ஐ அண்ணன்தான் பேப்பரில் பார்த்துச் சொன்னான். டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வலைக்குள் போய்ப் பந்தை எடுத்துவருகிற நடை எனக்குத் தெரியும். முதல் கோலுக்கு வேகமாகப் போவீர்கள். நாலாவதுக்கு மெதுவாக. ஆறாவதுக்கு உங்கள் டிஃபென்ஸ் ஆட்களே உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். பதினாறு முறை அப்படி நடந்திருக்கிறாள் ஒருத்தி. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து கோட்டில் நின்றிருக்கிறாள்.

எதிரே இருந்த சீனா யார்? அடுத்த வருடமே, 1999 உலகக் கோப்பை ஃபைனலில் அமெரிக்காவுடன் 120 நிமிடம் கோல் இல்லாமல் ஆடி, பெனால்டியில் மட்டும் தோற்ற அணி.

ஒரு வருடம் முன்னால், 1997இல் குவாங்டாங் ஆசியப் போட்டியில், இதே இந்தியா ஜப்பானிடம் 0-1 என்றுதான் தோற்றது. குவாமை 10-0 ஜெயித்தது, ஹாங்காங்கை 3-0. அந்த 0-1 யாருக்கும் ஞாபகமில்லை, 0-16 எல்லோருக்கும் ஞாபகம்.

9 ஜூலை, காலை 7.05

நேற்று எழுதியதில் பாதிதான் உண்மை என்று ராத்திரி படுத்ததும் தோன்றியது. சீனா பெரிய அணி என்று மட்டும் சொன்னால், தோல்விக்கு நம் பக்கம் காரணமே இல்லை என்று ஆகிவிடும். இருக்கிறது. ஒரு போட்டிக்கும் அடுத்த போட்டிக்கும் நடுவில் மேட்ச்சே இல்லாமல் அணி கிடந்தது. ஆடாமலே இருந்ததால் ஃபிஃபா தரவரிசைப் பட்டியலில் இருந்து இந்தியாவின் பெயரை எடுத்த காலமும் உண்டு. தோற்றால் கீழே போகலாம். ஆடவில்லை என்றால் பட்டியலிலேயே இருக்க மாட்டீர்கள்.

பெண்களுக்கு தேசிய லீக் என்று ஒன்று வந்தது 2016-17இல்தான். அதுவரை ஒரு பெண் வருடத்தில் மொத்தம் எத்தனை மேட்ச் ஆடியிருப்பாள் என்று எண்ணிப் பாருங்கள்.

9 ஜூலை, மதியம் 1.20

"நீங்கள் ஏன் விட்டீர்கள் அக்கா?" என்று கேட்ட தங்கைக்கு: பிளஸ் டூவில் மாவட்டச் செலக்‌ஷனுக்குப் போகப் பள்ளியில் ஒரு கையெழுத்து வேண்டும். பி.டி. டீச்சர் போட்டுவிட்டார். மேலே இருந்தவர் போடவில்லை. பரீட்சை வருடம், பொம்பளைப் பிள்ளை, வெளியூர் என்று மூன்று காரணம் சொன்னார். வீட்டில் அப்பாவும் அதே மூன்றைத்தான் சொன்னார், வரிசைதான் வேறு. இரண்டு பேரையும் இப்போது குறை சொல்ல மனமில்லை. அன்றைக்கு அழுதேன்.

12 ஜூலை, இரவு 9.40

13-0 பற்றிய கேள்விக்கு வருகிறேன். "மங்கோலியாவை அடித்ததெல்லாம் ஒரு சாதனையா?"

சாதனைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம், சரி. நமது மிகப் பெரிய வெற்றி 2010இல் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் பூட்டானுக்கு எதிராக 18-0. அதை வைத்து நாம் பலமான அணி என்று சொல்ல முடியாது, 16-0ஐ வைத்து நாம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாதது போலத்தான்.

ஆனால் சியாங் மாயில் அந்த 13 தேவைப்பட்டது. தாய்லாந்து மங்கோலியாவை 11-0 என்று அடித்தது. ப்யாரி ஷாஷா ஐந்து கோல் போட்டும் நம் பெண்கள் நிறுத்தவில்லை. ஒன்றிரண்டு குறைந்திருந்தால் கடைசி மேட்ச்சுக்கு நாம் கோல் வித்தியாசத்தில் பின்னால் இருந்து இறங்கியிருப்போம். இது இரக்கமில்லாத ஆட்டம் போலத் தெரியும். கணக்கு அப்படி.

அந்தக் கணக்கில் அடிபட்ட அனுபவம் நமக்கு உண்டு. 2019 ஏப்ரல், மாண்டலே, ஒலிம்பிக் தகுதிச் சுற்று. இந்தோனேஷியாவையும் நேபாளத்தையும் ஜெயித்து, மியான்மருடன் 3-3 டிரா செய்து, கோல் வித்தியாசத்தில் வெளியே வந்தோம். தோற்காமலே வெளியே வந்த போட்டி அது.

12 ஜூலை, இரவு 10.25

தெற்காசியப் பட்டங்களைச் சொல்ல மறந்துவிட்டேன். சாஃப் கோப்பையை 2010, 2012, 2014, 2016, 2019 என்று தொடர்ந்து ஐந்து முறை வாங்கினோம். கடைசியாக பிராட்நகரில், நேபாளத்தை அவர்கள் ஊரிலேயே 3-1. பெம்பெம் தேவி, பாலா தேவி என்று மணிப்பூர்ப் பெண்கள் தூக்கிச் சுமந்த காலம். பெம்பெமுக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே வருடம் பாலா ஸ்காட்லாந்து ரேஞ்சர்ஸுக்குப் போனார்.

அதற்கு அப்புறம் அந்தக் கோப்பை நம் கைக்கு வரவில்லை. 2022இல் வங்கதேசம் நம்மை 3-0 ஜெயித்தது, அரையிறுதியில் நேபாளம் 1-0. 2024இல் மறுபடி நேபாளத்திடம், பெனால்டியில். இரண்டு முறையும் கோப்பை வங்கதேசத்துக்கு. இந்த ஜூலையில் வங்கதேசமும் மியான்மரைத் தோற்கடித்து ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றிருக்கிறது, அவர்களுக்கும் முதல் முறை. காக்ஸ் பஜாரில் நாம் கோப்பை தூக்கியதைப் பார்த்த ஊர்ப் பிள்ளைகள் இப்போது நமக்கு முன்னால் நிற்கிறார்கள். எனக்கு இதில் பொறாமை இல்லை. சந்தோஷம்தான், கொஞ்சம் பயமும்.

13 ஜூலை, ஞாயிறு மாலை

2022 ஜனவரி 23ஐ யாராவது கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். கேட்டுவிட்டீர்கள்.

ஜனவரி 20, நவி மும்பையில் முதல் மேட்ச், ஈரானுடன் 0-0. நிறைய வாய்ப்பு வந்தும் கோல் விழவில்லை. 23ஆம் தேதி தைவானுடன் ஆட வேண்டும். டிவி முன்னால் நானும் அண்ணன் மகளும் தட்டில் சுண்டல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு அப்போது பதினொன்று. மேட்ச் இல்லை என்று வந்தது. கேம்ப்பில் கொரோனா பரவி, விதிப்படி வேண்டிய 13 பேரைக்கூட இறக்க முடியவில்லை. அவ்வளவுதான். சொந்த மண்ணில் நடந்த ஆசியக் கோப்பை, மூன்றே நாளில் போட்டியிலிருந்து விலகியதாகக் கணக்கு. ஆடிய ஈரான் மேட்ச்சும் செல்லாது.

"அப்ப அந்த மேட்ச்ல ஓடுனது, விழுந்ததெல்லாம் எங்க அத்தை போச்சு?" என்று அவள் கேட்டாள். கோல் வாங்காமல் 90 நிமிடம் நின்ற கீப்பரைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் முன்னால் இதே அணி பிரேசில் போய், மனாஸில், அவர்களின் மூத்த வீராங்கனை ஃபோர்மிகாவின் கடைசி மேட்ச்சில் ஆடியது. 1-6. அந்த ஒன்று மனிஷா கல்யாண் போட்டது. பிரேசில் வலைக்குள் ஓர் இந்தியப் பெண் அடித்த பந்து. அந்த வேகத்தோடு ஆசியக் கோப்பைக்கு வந்தவர்கள்.

17 ஜூலை, இரவு

அதிதி சௌகான் ஓய்வு அறிவித்துவிட்டார். இந்த இழையில் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. வளர்ந்தது டெல்லி என்றாலும் பிறந்தது நம் சென்னையில். 2015இல் இங்கிலாந்தில் வெஸ்ட் ஹாம் பெண்கள் அணிக்குக் கீப்பராக நின்றவர். கீப்பர் என்றால் ஆள் இல்லாததால் நிற்பவள் என்று நினைத்திருந்த எனக்கு, அதுவே ஒருத்தியின் தொழிலாக இருக்க முடியும் என்று 34 வயதில் புரியவைத்தவர். போய்வாருங்கள் அம்மா.

20 ஜூலை, ஞாயிறு காலை

"தமிழ்நாட்டுப் பங்கு என்ன?" நிறையவே இருக்கிறது.

கடலூர் இந்துமதி கதிரேசன், மிட்ஃபீல்ட், தமிழ்நாடு போலீசில் எஸ்.ஐ. அதே கடலூர் மாவட்டத்திலிருந்து சந்தியா ரங்கநாதன். 2018இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 ஜெயித்து தமிழ்நாடு தேசிய சாம்பியன் ஆனது. 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவை ஜெயித்து இன்னொரு முறை. 2019இல் மதுரை சேது எஃப்.சி. தேசிய லீக்கை வென்றது. சியாங் மாயில் மங்கோலியாவுக்கு எதிராகப் பிரியதர்ஷினி செல்லதுரை இரண்டு கோல், இராக்குக்கு எதிராக கார்த்திகா அங்கமுத்து ஒன்று.

இதில் சென்னைப் பெயர் ஒன்றுகூட இல்லையே என்று ஒருவர் வருத்தப்பட்டிருந்தார். வருத்தம் நியாயம்தான். வியாசர்பாடியில் தெருவுக்குத் தெரு பந்து உருள்கிறது. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு பெண் பிள்ளை கிரவுண்டில் நிற்பதற்கு அங்கே விளக்கும் வேண்டும், உடை மாற்ற ஓர் அறையும் வேண்டும், கழிப்பறையும் வேண்டும். கடலூரில், நாமக்கல்லில் யாரோ ஒரு கோச் இதைப் பார்த்துச் செய்திருக்கிறார்கள்.

2023 பிப்ரவரியில் பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் இந்தியா நேபாளத்துடன் இரண்டு மேட்ச் ஆடியது. 0-0, 2-2. இரண்டாவதுக்கு அண்ணன் மகளைக் கூட்டிப் போனேன். மேட்ச்சை விட, தொடங்குவதற்கு முன்னால் பார்த்ததுதான் எனக்கு நிற்கிறது. கீப்பர்களுக்குப் பயிற்சி. கோச் பந்தைத் தரையோடு அடிக்க, இடது, வலது என்று விழுந்து எழுகிறார்கள். ஒரு பெண் எழுந்ததும் கிளவுஸ் பட்டையைப் பல்லால் கடித்து இறுக்கினாள். என் அண்ணன் மகள் அதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கை உறையைப் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தாள், சமையலறையில் சூடான பாத்திரம் பிடிக்கிற உறையை. அண்ணி திட்டித் தீர்த்தார்.

30 ஜூலை, காலை

குழு தெரிந்துவிட்டது: ஜப்பான், வியட்நாம், தைவான், நாம். ஆஸ்திரேலியா, 2026 மார்ச். மொத்தம் 12 அணி, மூன்று குழு. குழுவில் மூன்றாவதாக வரும் அணிகளில் சிறந்த இரண்டும் காலிறுதிக்குப் போகலாம். காலிறுதியில் ஜெயிக்கிற நான்கு அணிக்கு 2027 பிரேசில் உலகக் கோப்பை நேராக. தோற்கிற நான்கும் தங்களுக்குள் ஆடும், ஜெயிக்கிற இரண்டுக்கும் இடம்.

இதே மூன்று அணிகளுடன் 2023இல் ஆடியிருக்கிறோம். ஆசிய விளையாட்டில் தைவானிடம் 1-2. தாஷ்கண்டில் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஜப்பானிடம் 0-7, வியட்நாமிடம் 1-3. ஜப்பானை விடுங்கள். மற்ற இரண்டும் எட்டாத தூரம் இல்லை. ஒரு வெற்றி போதும், அத்தோடு ஜப்பானிடம் வாங்குகிற கோலைக் குறைக்க வேண்டும். கீப்பரும் டிஃபென்ஸும் சேர்ந்து காப்பாற்றுகிற ஒவ்வொரு கோலும் புள்ளிப் பட்டியலில் ஏறும்.

30 ஜூலை, இரவு

"உலகக் கோப்பை என்றெல்லாம் பேசாதீர்கள், ஏமாற்றம்தான் மிஞ்சும்." உங்கள் அக்கறை புரிகிறது சார். இருபத்தேழு வருடம் 16-0ஐக் கேட்டுவிட்டேன். எட்டு மாதம் இதைப் பேசிக்கொள்கிறேன்.

11 ஆகஸ்ட்

20 வயதுக்குட்பட்ட பெண்கள் மியான்மரை 1-0 ஜெயித்து ஆசியக் கோப்பைக்குத் தகுதி! 20 வருடத்துக்குப் பிறகு. ஆபீஸில் இருக்கிறேன், அப்புறம் எழுதுகிறேன்.

18 அக்டோபர், இரவு 10.00

அப்புறம் எழுதவே இல்லை, மன்னிக்கவும். இப்போது 17 வயதுக்குட்பட்டவர்களும் தகுதி. பிஷ்கெக்கில் உஸ்பெகிஸ்தானை 2-1. 2022இல் உலகக் கோப்பையை நம் நாட்டிலேயே நடத்தி, அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5 என்று வாங்கியது இதே வயதுப் பிரிவு. அன்றைக்கு ஆடிய பிள்ளைகளை நினைத்து எனக்குத் தொண்டை அடைத்தது. மூன்று அணியும் ஒரே வருடத்தில் ஆசியக் கோப்பைக்கு.

முதல் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார், மாமாவுக்கு இந்த இழையை முழுசாக வாசித்துக் காட்டினாராம். கோழிக்கோட்டு ஃபைனலை மாமா நேரில் பார்க்கவில்லை, அப்போது அங்கே வேலை பார்த்த நண்பர் சொல்லிக் கேட்டதாம். யாரேனும் நேரில் பார்த்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் தயவு செய்து கேட்டு எழுதுங்கள். ஆடியவர்களுக்கே இப்போது அறுபது, எழுபது வயது இருக்கும்.

இந்தியாவின் முதல் மேட்ச் 2026 மார்ச் 4, பெர்த்தில், வியட்நாமுடன். ஜப்பான் 7ஆம் தேதி அதே ஊரில். தைவான் 10ஆம் தேதி, சிட்னியில். அண்ணன் மகளுக்கு மார்ச்சில் பத்தாவது பொதுத்தேர்வு. அண்ணி இப்போதே சொல்லிவிட்டார், டிவியைத் துணி போட்டு மூடப் போகிறேன் என்று. நான் பேசிப் பார்க்கிறேன். மூன்று மேட்ச்சுக்கும் கேட்கவில்லை, வியட்நாம் மட்டும்.

அவள் இப்போது சனி, ஞாயிறு காலையில் கிரவுண்டுக்குப் போகிறாள். கீப்பர் இல்லை, ரைட் பேக். ஸ்டட்ஸ் அவள் சைஸ்.